அத்தை பள்ளிக்கூடம்

என் வாழ்நாளில் அரசாங்கத்தை ஒரே ஒரு முறைதான் ஏமாற்றப் பார்த்தேன். அது பகல் பன்னிரண்டரை மணி வரைக்கும்தான் தாங்கியது. அடுத்த நிமிஷம் நான் ஒரு போசி நிறையச் சோற்றை இடுப்பில் வைத்துக்கொண்டு உழுத காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். பாலக்காட்டிலிருந்து வந்த அதிகாரி, ஹெட்மாஸ்டர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று எல்லோரும் வராந்தாவில் நின்று அதைப் பார்த்தார்கள்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையோரம். பிறந்த ஊர் ஓடைக்கு அந்தப் புறம், நடந்தால் அரை மணி நேரம். எனக்குக் கல்யாணம் ஆனபோது இரண்டும் ஒரே ராஜ்யம்தான். பிறகு கோடு போட்டார்கள். என் அண்ணன் சென்னை ராஜ்யத்திலும் நான் கேரளத்திலும் ஆகிவிட்டோம். (ஓடையில் குளிக்கிற எருமைகளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.)

எங்கள் பள்ளிக்கூடம் முதலில் ஒரு கடலை மூட்டை குடோனில் ஆரம்பித்தது. அங்கே படித்தவர்களுக்கு இன்றைக்கும் எழுத்தைப் பார்த்தால் தும்மல் வரும் என்பார்கள். பிறகு ஊரார் சேர்ந்து கட்டடம் கட்டினார்கள். தோட்டத்துக்கு ஒரு பனை கொடுத்தார்கள். அவைதான் விட்டமும் கைமரமும். நான் ஓடை தாண்டி வந்து அங்கே படித்த காலத்தில் எட்டாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கப் பன்னிரண்டு மைல் போக வேண்டும். பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? அந்தப் பள்ளிக்கூடம் ஹைஸ்கூல் ஆனபோது என் மகள் மரகதம் ஏழாவது முடித்திருந்தாள். ஊரில் யாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான்.

அந்தச் சந்தோஷம் ஜூன் முதல் வாரத்தோடு சரி. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு விட்டார். நல்ல மனிதர், ஒற்றப்பாலம் பக்கத்துக்காரர். அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம் இருக்கும்.

"எட்டாம் வகுப்பிலே தமிழ் டிவிஷன் வேணும்னா இருபது குட்டிகள் வேணம். இப்போ பதிமூணுதான் உண்டு. புதன்கிழமை தலையெண்ணலுக்கு ஆபீசர் வரும். ஆள் இல்லைன்னா டிவிஷன் இல்லை."

பள்ளி திறந்ததும் ஓர் அதிகாரி வந்து வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளின் தலையை எண்ணிப் போவார். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் டிவிஷனும் வாத்தியாரும் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"டிவிசன் வல்லீன்னா நின்னுக்கட்டும் புள்ள. மலையாளத்துல 'அ'வுல இருந்து ஆரம்பிச்சு அவ எப்பப் படிச்சு முடிக்கிறது? நீ எட்டாவதோட நின்னியே, இப்ப என்ன கெட்டுப் போயிட்டே?"

நான் என்ன கெட்டுப்போனேன் என்பதை அந்த வாரமே ஊருக்குக் காட்டினேன்.

திங்கட்கிழமை ஓடை தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருக்கு மூன்று பிள்ளைகள், பக்கத்து வீடுகளில் நான்கு. எல்லோரும் அந்தப் புறத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள். கணக்கு கச்சிதமாக ஏழு!

"ஒரு நாளைக்குத்தானுங்கண்ணா" என்றேன்.

அண்ணன் துண்டை உதறினார். "மாடு வேணும்னு கேப்பாங்க, வண்டி வேணும்னு கேப்பாங்க. எரவலுக்குப் புள்ளை கேட்டு வந்தது நீதான் அம்மிணி."

ஆனாலும் சம்மதித்தார். ஹெட்மாஸ்டரிடம், "அண்ணன் ஊட்டுப் பக்கத்துல இருந்து ஏழு பேரு வந்து சேர்றாங்க, எல்லாரும் எங்கூட்லதான் இருப்பாங்க, டி.சி. பின்னால வருமுங்க" என்றேன். பாவம், நம்பிப் பெயர்களை எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். பேர் கூப்பிட்டால் அங்கே 'உள்ளேன் ஐயா', இங்கே 'ஹாஜர்'. எங்கே இருக்கிறாய் என்றால் 'அத்தை வீட்டில்'. சொந்த அத்தை இல்லாத நான்கு பேருக்கும் அன்றைக்கு நான் அத்தை ஆனேன். கடைசியாக ஒன்று சொன்னேன். என் மூளையில் உதித்த மிகப் பெரிய யோசனை அதுதான்.

"புதுசாப் பண்ற மாதிரி ஒண்ணும் பண்ண வேண்டாம். தெனமும் உங்க பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவீங்களோ, அப்படியே வாங்க. அப்படியே இருங்க."

அண்ணன் மகள் துளசிக்கு அப்போது பதின்மூன்று வயது. "அப்படியேங்களா அத்தே?" என்று கேட்டாள்.

"அப்படியே."

புதன்கிழமை காலையில் தலையில் எண்ணெய் வழிய, கையில் பையோடு ஏழு பேரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதிகாரி பத்து மணிக்கு வந்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அவர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. பன்னிரண்டு மணி நெருங்கும்போது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தலைமுடி குத்திட்டு நிற்க, வந்து இறங்கினார். மலையாள டிவிஷன்களை முதலில் எண்ணினார். நான் சோற்றுப் போசியும் குழம்புத் தூக்குமாக வராந்தாத் தூணருகில் நின்றேன். (எரவல் பிள்ளைகள் பசியோடு திரும்பினால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது?)

தமிழ் வகுப்புக்கு வந்தார். பேர் வாசித்தார்கள். ஏழு 'ஹாஜர்' அருமையாக விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு விரலை நீட்டித் தலைகளை எண்ண ஆரம்பித்தார்.

"பதினாலு... பதினஞ்சு... பதினாறு..."

மத்தியான மணி அடித்தது.

ஏழு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒரே நேரத்தில் பைக்குள் கைவிட்டு ஏழு அலுமினியத் தட்டுகளை எடுத்தார்கள். அதிகாரியின் நீட்டிய விரலைத் தாண்டி வாசலுக்குப் பாய்ந்தார்கள். அந்தப் புறத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்திருந்தார்கள். மணி அடித்தால் தட்டோடு வரிசைக்கு ஓடுவது அவர்களுக்குப் பழக்கம். தினமும் போலவே இருக்கச் சொன்னது நான்தானே?

கடைசியில் ஓடிய துளசியை அதிகாரி மடக்கிவிட்டார்.

"மோளே, எங்கே ஓடுறது?"

"பள்ளிக்கூடத்துக்குங்க!"

"அப்போ இது என்னா?"

துளசி ஒரு கணம் யோசித்தாள். அந்தப் பெண்ணுக்குப் பொய் வராது.

"இது எங்க அத்தை பள்ளிக்கூடமுங்க. எங்க பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கமுங்க. இன்னைக்குப் புதங்கெழமை, சாம்பாருங்க. உடுங்க சார், வரிசை போயிரும்!"

விட்டுவிட்டார். வேறு என்ன செய்வார்?

அந்த நேரத்தில் புத்தியுள்ள எவளும் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பாள். நான் ஓடினேன். "டேய், சோறு இங்க இருக்குதுடா! துளசி, நில்லுடி! அத்தை பருப்புக் கொழம்பு வெச்சிருக்கறேன்டி!" என்று கத்திக்கொண்டே உழுத காட்டில் ஓடினேன். முந்தானையைக் காற்று தூக்கி முகத்தில் அடித்தது. குழம்புத் தூக்கு எங்கேயோ விழுந்தது. ஏழு தட்டுகளும் வெயிலில் மின்னிக்கொண்டு ராஜ்யத்தைக் கடந்து போயின. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது வராந்தாவில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மரகதம் வகுப்புச் சன்னலருகில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் நான் சொல்லி எழுதிக்கொண்ட ஏழு பெயர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பொய்யால் அவர் வேலைக்கே ஆபத்து வந்திருக்கும்.

"சாரு மேல தப்பில்லீங்க. அவரு நம்பிட்டாருங்க. எல்லாம் நான் பண்ணினது" என்று அதிகாரியிடம் சொன்னேன்.

அவர் நோட்டில் பேர் வாசித்தபோது எழுதிய இருபதை அடித்துப் பதிமூன்று என்று எழுதினார். பிறகு கேட்டார்: "அம்மா எத்தர வரை படிச்சது?"

"எட்டாவதுங்க. இதே பள்ளிக்கூடம்."

தலையை நிமிர்த்திப் பனைவிட்டத்தைப் பார்த்தார்.

"நான் வெள்ளிக்கிழமை இந்த வழிக்கு மறுபடி வரும். அன்னைக்கு மத்தியான மணி அடிச்சதுக்கு அப்புறமே எண்ணும்."

இரண்டு நாள் இருந்தது. ஏழாவதோடு நிறுத்திய பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் அந்த ஓட்டத்தைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடிக்கும் முன்பே, "அப்ப புள்ளைய அனுப்புங்க" என்பேன். அப்படி ஐந்து பேர் கிடைத்தார்கள். இரண்டு குறைந்தது. மறுபடி ஓடை தாண்டினேன்.

"நெசமாவே அனுப்பறேன்" என்றார் அண்ணன். "ஏழாவது முடிச்ச துளசியும் அவ தம்பியும் உங்கூட்டுலயே இருந்து படிக்கட்டும். ஆனா இங்கிருந்தா மத்தியானம் சர்க்கார் சோறு போடுது. அங்க ஆரு போடறது?"

"நான் போடறனுங்க."

இது ஊருக்குத் தெரிந்ததும் மற்ற ஐந்து வீட்டிலும் அதே கேள்வி வந்தது. அதே பதிலைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. யாரும் ஓடவில்லை, ஏனென்றால் வாசலை மறித்துக்கொண்டு சோற்றுப் போசியோடு நான் நின்றேன். அதிகாரி நிதானமாக எண்ணினார். "இருபது." அவருக்கும் ஒரு தட்டு போட்டேன். குழம்பில் உப்புக் குறைவு என்றார்.

அதன்பின் மூன்று வருஷம், பள்ளி நாள் ஒன்றுகூட விடாமல், பன்னிரண்டரைக்கு ஏழு பேருக்குச் சோறு சுமந்தேன். மரகதம் பத்தாவது பாஸானாள். இப்போது பாலக்காட்டில் ஆசிரியைப் பயிற்சிக்குப் படிக்கிறாள். விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று நான் இங்கே இளைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அவள் லீவுக்கு வந்திருந்தாள். துளசியும் வந்திருந்தாள். கட்டிலில் படுத்துக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பள்ளிக்கூடத்து மத்தியான மணி கேட்டது. நான் என்னை அறியாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் போசியை இடுப்பில் வைத்துவிட்டேன்.

"ஏம்புள்ள, எங்க கெளம்பிட்டே?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் வாயைத் திறக்கும் முன்பே, கட்டிலிலிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன.

"பள்ளிக்கூடத்துக்குங்க!"