அரைச்சுற்று பின்னால்

பார்த்துக்கொண்டே இருந்தால் வேலை தானாக வந்துவிடும் என்று நம்பியவள் நான். (அஞ்சாப்போட நின்னவளுக்கு அந்த நம்பிக்கைதான் படிப்பு.)

மலைமேல் நாயுடுபுரத்தில் என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறை. இரும்பில் ஓட்டை போட்டு, டேப் என்கிற பல் வைத்த எஃகுக் கம்பியை உள்ளே திருகி, போல்ட் இறங்க அவர் மரை வெட்டுவதை முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். முன்னால் ஒரு சுற்று. உடனே பின்னால் அரைச்சுற்று. பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வாசல்படியில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிய மனுஷன். அந்தப் பயந்த குணம்தான் கைக்கும் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று அவர் கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போயிருந்தார். வெள்ளனே மன்னவனூர் செல்லையா தண்ணீர் பம்பைத் தூக்கி வந்தார். மூடியைப் பிடிக்கும் ஓட்டை ஒன்றில் மரை தேய்ந்து, போல்ட் நிற்கவில்லை.

"அண்ணே எங்க மதினி? பூண்டு வாடிக் கெடக்கு. இன்னைக்குத் தண்ணி பாயலேன்னா அம்புட்டும் போச்சு."

"நான் இருக்கேன்ல."

"நீங்களா?"

"ஏன், என்னையப் பாத்தா இரும்பு எந்திரிச்சு ஓடிருமா?"

பெரிய போல்ட்டாகப் போடலாம் என்று டிரில்லில் ஓட்டையைப் பெரிதாக்கினேன். அதுவரை சரி. எண்ணெய்க் கேன் காலி. தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை எடுத்தேன்; குளிரில் மெழுகாக உறைந்திருந்தது. விரலால் தோண்டி, ஓட்டை நிறைய அப்பினேன். டேப்பை வைத்து முன்னால் மட்டும் திருகினேன். இறுகியது. கைப்பிடியில் ஒரு பைப்பைச் சொருகி அழுத்தினேன்.

"அண்ணே நடுவுல பின்னாடி சுத்துவாருல்ல மதினி?"

"அது அவரு புத்தி. நமக்கு வெரசா முடியணும்."

'டிக்' என்றது. பாதி டேப் என் கையில், பாதி பம்புக்குள். அதைத் துளைத்தெடுக்கப் பார்த்தேன். டிரில் முனைதான் மழுங்கியது. செல்லையா திட்டவில்லை. பம்பின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். திட்டியிருக்கலாம்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறி, மத்தியானம் வந்து சேர்ந்தார். ஓட்டையைப் பார்த்தார், மோந்தார், என் கொண்டையைப் பார்த்தார்.

"வெட்டுன தூளு உள்ளயே அடைஞ்சா டேப்பு என்ன செய்யும் புள்ள? அரைச்சுத்து பின்னால வந்தாத்தான் தூளு ஒடையும். பயந்துக்கிட்டா வாரேன்?"

ஒரு விரல் தள்ளி மூடியிலும் பம்பிலும் புது ஓட்டை போட்டு, டேப்பை என் கையிலேயே கொடுத்தார். செல்லையா "பழனியாண்டவா!" என்று கண்ணை மூடிக்கொண்டார். முன்னால் ஒன்று, பின்னால் அரை. வெண்ணெயாக இறங்கியது. பொழுது சாய செல்லையா போன் செய்தார்: "தண்ணி பாயுது மதினி!"

ஒடிந்த துண்டு இன்னும் அந்தப் பம்பில்தான். பூண்டு கொண்டுவரும்போதெல்லாம், "ஒங்க பல்லு பத்திரமா இருக்கு மதினி" என்பார். வீட்டில் நான் விடாமல் வாயாடினால் மருமகள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "அத்தே, அரைச்சுத்து பின்னால!"

வந்துவிடுவேன். (முழுச்சுத்தெல்லாம் வரமாட்டேன்.)