பஞ்சுவுக்குச் சீப்பு

ஒரே ஒரு வேலையிலிருந்தாவது தப்பித்தே தீருவது என்று போன ஞாயிற்றுக்கிழமை தீர்மானித்தேன். முயலுக்குத் தலைவாரும் வேலை. தலை என்று பேருக்குத்தான், உடம்பு முழுக்க வார வேண்டும்.

பஞ்சு எங்கள் வீட்டு முயல். என் மனைவி ஜிஜா பனச்சமூடு சந்தையில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். இப்போது அதற்கு முடி உதிர்கிற காலம். பஞ்சு பஞ்சாய்ப் பறக்கிறது. சாயாவில் முடி, புட்டில் முடி. ஆபீசில் என்னைப் பார்த்தவர்கள் முதலில் தும்மிவிட்டுத்தான் வணக்கம் சொன்னார்கள்.

"தெனமும் சீவணும் கேட்டியளா," என்றாள் ஜிஜா. "இல்லேன்னா அதுக்க முடிய அதே நக்கி முழுங்கும். முயலுக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. வயிறு அடைச்சுப் போவும். இண்ணைக்கு உங்க முறையாக்கும்."

முயல் என்றால் 'முயற்சி செய்' என்றும் அர்த்தம் உண்டு. நானும் முயன்றேன், தப்பிக்க.

பஞ்சுவை மடியில் வைத்தேன். ஜிஜா அலமாரிப் பக்கம் திரும்பிய நேரம் அதன் வயிற்றில் விரலால் கிச்சுக்கிச்சு மூட்டினேன். துள்ளிக் குதித்துக் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

"கண்டியா? என்னைக் கண்டா அதுக்குப் பயம். நான் என்ன செய்ய?"

ஜிஜா யோசித்தாள். "உங்களுக்க மணம் அதுக்குப் பழக்கமில்ல. எனக்க நைட்டிய போட்டுட்டு இருங்க. நான்னு நெனச்சு அடங்கும்."

"நைட்டியா?"

"அதுக்க உயிரு காரியமாக்கும். மனசில்லேன்னா வேண்டாம்."

மனசில்லை என்று எந்தக் கணவன் சொல்லியிருக்கிறான்? ரோஜாப்பூ போட்ட நைட்டியில் பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். நைட்டியைப் பிடிப்பதா, சீப்பைப் பிடிப்பதா என்ற போராட்டத்தில் கிச்சுக்கிச்சு மூட்ட எனக்குக் கை மிச்சமில்லை. பஞ்சு கண்ணை மூடிக்கொண்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கைப்பிடி முடி வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கே அது பிடித்துப்போனது.

"ஜிஜா, ஜெயதாஸ் வீட்டில உண்டா?"

முதுகுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு நேசமணி அண்ணன். அவர் தேடிய ஜெயதாஸ் நான்தான். திரும்பினேன். அவர் என் முகத்தையும் நைட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முயலுக்கு வேண்டியாக்கும் அண்ணே," என்றேன்.

"செரி, செரி. இஞ்ச தா, பாக்கட்டு."

மீன் வெட்டின கையோடு வந்திருந்தார். அந்த நாற்றத்தோடே பஞ்சுவை வாங்கி மடியில் வைத்தார். அது அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டது.

அடுக்களைக்குப் போனேன். "அவருக்க மடியிலயும் நல்லா இருக்கே. பின்னே மணம் கிணம்னு சொன்ன?"

ஜிஜா தேங்காய் திருவிக்கொண்டே சொன்னாள். "ஆருக்க மடியிலயும் இருக்கும். கிச்சுக்கிச்சு மூட்டாம இருந்தா போதும்."

"அப்ப நீ கண்டியா?"

"அலமாரிக் கண்ணாடியில கண்டேன்." தேங்காய் மூடியைத் திருப்பிப் பிடித்தாள். "எதிர்வீட்டு ஞானபாய் அக்காக்க பூனைக்கும் முடி கொட்டுதாம். உங்களுக்க கை கொள்ளாம், நல்லா சீவும்னு சொல்லியிருக்கேன், இப்ப கொண்டு வருவாங்க."