சியெம்ப்ரே பேர்வழி

முழுப்பெயர்: சியெம்ப்ரே. வயது: அறுபத்து நான்கு. பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. ‘எப்போதும்’ என்பதற்குரிய ஸ்பானியச் சொல்லையே வகுப்பு அவருக்குப் பட்டமாகச் சூட்டிவிட்டது. ஆனால், வாசகரே, இவர் தனி ஆள் அல்லர், ஓர் இனம். எந்த நற்பழக்கத்தைப் பற்றி எவர் கேட்டாலும், கேள்வி முடியும் முன்பே ‘எப்போதும்’ என்று விடை பகரும் இனம்.

இவ்வினத்தை அருகிலிருந்து காண விரும்புவோர் எங்கள் மாலை நேர ஸ்பானிய வகுப்புக்கு வரலாம். பேச்சுப் பயிற்சிக்காக மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து, சுற்றுச்சூழல் பற்றி ஒருவரையொருவர் பேட்டி காண்பது அங்கு வழக்கம். கேள்விகள் பத்து, தாளில் அச்சிட்டவை. பல் துலக்கும்போது குழாயை மூடுகிறீர்களா? சியெம்ப்ரே. அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைக்கிறீர்களா? சியெம்ப்ரே. துணிப்பை? சியெம்ப்ரே. பேருந்து? அதற்கென்ன, சியெம்ப்ரே. மரம் நடுகிறீர்களா என்ற கேள்விக்கு மட்டும் ஒரு கணம் கண்ணை மூடி, ஒரு காட்டையே நினைவுகூர்பவர்போல் பெருமூச்சு விட்டு, அதன் பிறகு சியெம்ப்ரே.

இந்த விடைகளை அவர் எங்கே மனப்பாடம் செய்கிறார்? ஐந்து தெரு தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து காரில் வந்து, வகுப்பு தொடங்கும்வரை இஞ்சினை அணைக்காமல், ஏசியின் குளிர்ச்சியில் அமர்ந்து செய்கிறார். அவர் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால், பிளாஸ்டிக் பைகளால் வயிறு புடைத்த ஒரு பிளாஸ்டிக் பை தொங்குகிறது. அவர் வளர்க்கும் ஒரே செடி செருப்பு அலமாரியின் மேல் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் வேண்டாம், மாதம் ஒருமுறை சோப்புப் போட்டுத் துடைத்தால் போதும். பொய்யரா? இல்லை. சொல்லும் அந்தக் கணத்தில் மனமார நம்புகிறார்.

நிற்க. மார்ச் பதினான்கு அன்று பேச்சுத் தேர்வு. அதில் அவர் ஏற்கெனவே இருமுறை தவறியவர். மூன்றாம் முறையும் தவறினால், இவ்வாண்டுதான் சேர்ந்த தம் மனைவி இரண்டாம் நிலைக்குப் போவதை முதல் நிலை பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் அவரைப் பேட்டி காண வாய்த்தவர் யார்? அந்த மனைவியேதான்.

“தாள்ல இருக்கறத மட்டும் கேளு” என்றார் இவர், வகுப்பு வாசலில்.

“நானும் பாஸாகணும்ல? சொந்தமா ஒரு கேள்வி கேக்கலைன்னா எனக்கு மார்க் போயிடும்.”

“அப்ப ஈசியா கேளு.”

“ஈசிதாங்க. ஒரே வரி.”

பத்துக் கேள்விகளும் பத்து சியெம்ப்ரேக்களும் தடையின்றி முடிந்தன. அம்மையார் தாளை மடித்து வைத்துவிட்டு, ஸ்பானியத்தில் நிதானமாகக் கேட்டார்: “நீங்கள் கடைசியாகப் பேருந்தில் போனது எந்தத் தேதியில்?”

விடை சொல்லாவிட்டால் பாதி மதிப்பெண் போய்விடும். நேற்று என்று சொல்லலாம். ஆனால் நேற்று முழுவதும் காரில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் அல்லவா எதிரில் இருக்கிறார்? ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். நம்மவர் முதன்முறையாக ஸ்பானிய மொழியில் ஓர் உண்மையைச் சொன்னார்: “இரண்டாயிரத்து ஏழு, ஜூன் எட்டு. கார் எடுத்துவரப் போனேன்.”

“பிரமாதம் சார்! தேதி, மாசம், வருஷம், ஒரு தப்பு இல்ல” என்று ஆசிரியை முழு மதிப்பெண் போட்டார். உலகம் சூடாவதற்கு மதிப்பெண் பட்டியலில் கட்டம் கிடையாது.

வெளியே வந்ததும் அம்மையார் கையை நீட்டினார்.

“சாவியக் குடுங்க.”

“எதுக்கு?”

“நீங்கதான் எப்பவும் பஸ்ல போறவராச்சே. டீச்சர் ஜன்னல்ல நிக்கறாங்க பாருங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தார், சாவியைக் கொடுத்தார், பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அது எங்கே இருக்கிறது என்று இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது.

சிரித்துவிட்டீர்கள், வாசகரே. நல்லது. நீங்கள் துணிப்பை இல்லாமல் கடைக்குப் போகிறவர் அல்லர் என்பதை நான் அறிவேன். எதற்கும் கடைசியாக அதை எடுத்துப்போன தேதியை ஒரு தாளில் குறித்து வையுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது ஸ்பானியம் கற்கத் தொடங்கலாம்.

நம்மவர் இப்போது இரண்டாம் நிலை மாணவர், காரில்தான் வருகிறார். அவர் கடைசியாகப் பேருந்தில் ஏறிய நாள்: மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை.