இருபத்தெட்டு டிகிரி சம்பந்தம்

கோகுல்நாத்துக்குக் கல்யாணம் ஆக, அன்றைய நிலவரப்படி விலை நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய். லாரி வாடகை தனி.

அந்த விலை ஒரு சாம்பல் நிறப் பெட்டியின் உருவத்தில், காரவள்ளியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் ஏறி, மலை ஊரான வளப்பூர் நாட்டில் குணசேகரன் வீட்டு நீச்சல் குளத்தங்கரையில் புதன்கிழமை வந்து இறங்கியது. பார்வைக்கு ஏசியின் வெளிப்பெட்டி மாதிரி. பெயர் ஹீட் பம்ப். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதற்குள் அது குளத்தை இருபத்தெட்டு டிகிரிக்குச் சூடாக்கியாக வேண்டும். தை மாதத்துத் தண்ணீர் பதினாறில் இருந்தது.

குணசேகரனுக்கு அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் கோழிப்பண்ணை. மலை மேல் மிளகுத் தோட்டம், மாடி வீடு, கார். இருந்தும் மகனுக்கு முப்பத்துநான்கு முடிந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர் சொன்னதுதான் விலை, பேரம் கிடையாது என்ற காலம் இது. போன வருஷம் ஒரு சம்பந்தம், "ஊட்டுல ஸ்விம்மிங் பூல் இல்லீங்களா?" என்று கேட்டதற்காகத்தான் குளமே வெட்டினார். டைல்ஸ் ஒட்டி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்குக் குழந்தையே பிறந்துவிட்டது.

இப்போது தரகர் பழனிமுத்து கொண்டுவந்திருப்பது சேலத்து மேகலாவின் ஜாதகம்.

"பொண்ணு நீச்சல்ல ஸ்டேட் லெவலுங்க. தெனமும் நீந்தியே ஆவோணும். ஆனா பச்சத் தண்ணி ஆவாது, சைனஸ். இருவத்தெட்டு டிகிரி இருந்தாப் போதும்னு அவங்கப்பா சொல்லிப்போட்டாரு. மிசினுக்குக் கவலப்படாதீங்க, கடை நாஞ் சொல்றேன்."

மிஷினை மாட்ட வந்த மெக்கானிக் சதீஷ்குமார் குல்லாவுக்குள்ளிருந்து விளக்கினான்.

"இது காத்துல இருக்கற சூட்டை இழுத்துத் தண்ணிக்கு விடுமுங்க."

"காத்துல சூடா? நீயே குல்லா போட்டுக்கிட்டு நிக்கற!"

"இருக்குதுங்க. நமக்குத் தெரியாது, மிசினுக்குத் தெரியும். தொறந்த எடத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவன் பஸ் பிடிக்க ஓடினான்.

வியாழக்கிழமை பனி இறங்கியது. நாகலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க, நாலு லட்ச ரூவாச் சாமான் இப்பிடி நனையுதே! தொறந்த எடம்னா அவன் வெயில் காலத்துக்குச் சொல்லியிருப்பானுங்க."

மனைவி சொல் நியாயமாகப் பட்டது. பண்ணையிலிருந்து கோழிக் கொட்டகைப் படுதாவை வரவழைத்து, மிஷினின் நாலு பக்கமும் கட்டி, மேலே தகரமும் போட்டார் குணசேகரன்.

வெள்ளிக்கிழமை காலையில் மிஷினுக்கு முன்னால் உறைபனி. தண்ணீர் அதே பதினாறு. படுதாவுக்குள் நுழைந்தால் வாயிலிருந்து புகை வந்தது.

"ஏனுங்க, நேத்து ஆட்டுன மாவை இதுக்குள்ள வெச்சேன், துளிகூடப் புளிக்கலீங்க. ஊட்டு பிரிட்ஜைக் காட்டியும் இது தேவல" என்றாள் நாகலட்சுமி.

கோகுல்நாத் வந்து பார்த்தான். "அப்பா, அது சூட்டை எடுத்துக்கிட்டுக் குளுந்த காத்தைத் துப்புது. துப்புனதையே மறுக்கா இழுக்குது. படுதாவை எடுத்துருங்கப்பா."

"எதுக்கு எடுக்கோணும்? உள்ளார இருக்கற காத்தைச் சூடு பண்ணிட்டாப் போச்சு!"

பண்ணையில் குஞ்சுகளைக் கதகதப்பாக வைக்கும் குண்டு பல்புகள் இருந்தன. இரண்டு டஜன் மலையேறி வந்தன. மத்தியானம் ஸ்விட்சைப் போட்டதும் படுதாக் கூடாரம் கோயில் தேர் மாதிரி ஜொலித்தது. மிஷின் பதினோரு நிமிஷம் சந்தோஷமாக ஓடியது. பன்னிரண்டாவது நிமிஷம் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஒரு வெடி. தெருவுக்கே கரண்ட் போயிற்று.

சீரியல் பாதியில் நின்ற கோபத்தில் பக்கத்து வீட்டு மாதம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். குளம், படுதா, இருபத்துநான்கு பல்பு.

"ஏனுங்க குணசேகரு, கொளத்துல குஞ்சு பொரிக்கறீங்களா?"

"பையன் கல்யாணத்துக்குங்க்கா!"

மாதம்மாளின் கோபம் இறங்கிவிட்டது. அவளுக்கும் வீட்டில் முப்பத்தொரு வயதில் ஒருவன் இருந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை கரண்ட் வராது என்று லைன்மேன் சொல்லிவிட்டார். மாதம்மாள்தான் யோசனை சொன்னாள். சமையல்காரரிடம் நாலு கல்யாண அண்டா வாடகைக்கு வந்தது. தெருவே திரண்டு விறகு வைத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, தூக்கிக் கொண்டுபோய்க் குளத்தில் ஊற்றியது. குளமோ அறுபதாயிரம் லிட்டர்.

"கடல்ல பெருங்காயத்தைக் கரைச்ச கதை" என்றாள் நாகலட்சுமி, கண்ணைக் கசக்கிக்கொண்டு. விறகுப் புகை.

அண்டாவின் கரி, விறகின் சாம்பல், ஊற்றியவர்களின் கால் மண் எல்லாம் சேர்ந்து சாயங்காலத்துக்குள் குளம் சுக்குக் காபி நிறத்துக்கு வந்தது. கரண்ட் வந்ததும் பில்டரைப் போட்டார்கள். அது இரண்டு தடவை இருமிவிட்டு அடைத்துக்கொண்டது. பில்டர் வழியாகத் தண்ணீர் ஓடினால்தான் மிஷினும் ஓடும். அதுவும் நின்றது.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கார் வந்தது. பெண்ணின் அப்பா பூபதி, உறவு என்று இரண்டு பெரியவர்கள், கூடவே தரகர். வீடு பார்க்கிற அன்றைக்குப் பெண் வருகிற வழக்கம் இல்லை.

பூபதி ஹாலைப் பார்க்கவில்லை. சமையலறையைப் பார்க்கவில்லை. பட்டு வேட்டியில் நின்ற கோகுல்நாத்தையும் பார்க்கவில்லை. நேராகக் குளத்துக்குப் போனார். படுதாவை விலக்கி, மிஷினைத் தட்டி, காதை வைத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்தார்.

"பதினெட்டு."

குணசேகரன் தெர்மாமீட்டரைப் பார்த்தார். பதினெட்டேதான். விரலிலேயே டிகிரி சொல்கிற மனுஷன்! மகள் மேல் எவ்வளவு பாசம் இருந்தால் இந்தக் கணக்கு வரும் என்று அவருக்குக் கண் கலங்கியது.

"தண்ணி நாளைக்குத் தெளிஞ்சுருமுங்க. பொண்ணு வர்றதுக்குள்ள சூடும் ஆயிரும்."

"ஆவாதுங்க" என்றார் பூபதி. "இந்த மலக்குளுருக்கு ஒரு மிசினு பத்தாது. இன்னொண்ணு வெச்சுருங்க, சம்பந்தி."

சம்பந்தி! பத்து வருஷமாகக் காத்திருந்த சொல். நாகலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குணசேகரன் அங்கேயே போனை எடுத்துக் கடைக்கு முழுப் பணத்தையும் அனுப்பினார். தரகர் பழனிமுத்துவின் சட்டைப் பையில் என்னவோ 'டிங்' என்றது, யாரும் கவனிக்கவில்லை.

"பங்குனியில வெச்சுக்கலாமுங்களா?"

"மொதல்ல மிசினு வரட்டும், தண்ணி சுடட்டும்" என்று பூபதி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

குணசேகரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தானே ஒரு டம்ளர் காபியை எடுத்துக்கொண்டு வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் ஜீவாவிடம் போனார்.

"குடி சாமி. ஏங்கண்ணு, மேகலா நல்லா நீந்துமா?"

"எந்த மேகலாங்க?"

"உங்க முதலாளி மகதான்!"

ஜீவா காபியை ஆற்றிக்கொண்டே வெள்ளந்தியாகச் சிரித்தான்.

"மொதலாளிக்கு ரெண்டும் பசங்கதானுங்க. ஏற்காட்டுல நாலு, இந்த மலையில மூணு, உங்குளுது ரெண்டு, ஆகமொத்தம் ஒம்பது மிசினு வித்துப்போட்டாரு. அவரோட ரெண்டு பசங்களுக்குத்தான் இன்னும் ஒரு பொண்ணு அமைய மாட்டேங்குது."