காணாமல் போக விரும்புவோர் கவனத்திற்கு

எங்கள் ஊரான நகரியில் ஒரு மனிதன் நிம்மதியாகத் தொலைந்துபோகக்கூட முடியாத காலம் ஒன்று இருந்தது. அதற்கு முழுக் காரணம் மோப்பக்காரர்.

அவர் ராணுவத்தில் நாய் பழக்கியவர். ஓய்வு பெற்று வந்தபோது துரைசானி என்ற பெட்டை நாயையும் கூட்டி வந்தார். காணாமல் போனவர் யாராயிருந்தாலும் அது தேடிக் கொடுத்துவிடும் என்பார். ஊரும் நம்பியது. ஆனால் மோப்ப நாய் தேடி வந்தால் அந்த ஆள் திருடன் என்பதும் ஊரின் தீர்மானம். கோயில் ஜாத்திரையில் தொலைந்த பெரியவரைத் தேடித் தருகிறேன் என்று போனால், "எங்க மாமனாரு இன்னா திருடனா?" என்று கதவைச் சாத்தினார்கள்.

மோப்பக்காரர் விளம்பரத்தில் இறங்கினார். ஜட்கா வண்டியில் ஒரு தட்டி: 'காணாமல் போக விரும்புவோர் அணுகவும்.' ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. நகரி சென்னை ராஜ்யத்தோடு சேருமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று தெருவுக்குத் தெரு சண்டை நடந்த நேரம். ஒரே மொழியில் எழுதினால் கல்லடி நிச்சயம்.

வாராவாரம் கண்ணாமூச்சி. யாராவது ஒரு பெரிய மனிதர் தன் துண்டைக் கொடுத்துவிட்டுப் போய் ஒளிய வேண்டும். துரைசானி கண்டுபிடித்ததும் அவருக்கு மாலை. "பாத்துக்கோங்க, நல்லவங்களயும் கண்டுபுடிக்கும்!" என்று மெகாபோனில் அறிவிப்பார்.

முதலில் துரைசானி தமிழ்க் கோஷ்டித் தலைவரை நூல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து மீட்டது. மறுநாளே தெலுங்குக் கோஷ்டி வந்துவிட்டது. "மரி மா லீடரு? எங்க லீடர ஏன் தேடல?" அவரையும் தேட வேண்டியதாயிற்று. ஹெட்மாஸ்டர் சாயத் தொட்டியில் ஒளிந்து, கொஞ்ச நாள் நீலமாகவே பாடம் நடத்தினார்.

எங்கள் நைனாவுக்கு அப்போது ஞாபகம் தவற ஆரம்பித்திருந்தது. காலையில் வெளியே போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. ஆற்றங்கரை, ஸ்டேஷன், எங்கும் இல்லை. நாயைக் கண்டாலே ஒதுங்கிப் போகும் அம்மா, நைனாவின் துண்டை எடுத்துக்கொண்டு மோப்பக்காரரிடம் போனார்.

"ஏம்பா, ஹெட்மாஸ்டர தேடினியே, இவரயும் தேடுப்பா."

துரைசானி ரயில் பாதையைத் தாண்டிக் கரும்புத் தோட்டத்துக்குள் நுழைந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஊர் வெளியே நின்றது. மோப்பக்காரரும் நானும் உள்ளே போனோம். வரப்பில் நைனா உட்கார்ந்திருந்தார். மோப்பக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வூட்டுக்கு எப்டி போறதுன்னே தெரிலபா."

நைனா நெசவாளர் சங்கத்தில் நாலு பேருக்குப் பஞ்சாயத்து சொல்பவர். இனி ஊர் அவரை எப்படிப் பார்க்கும்? அதற்குள் மோப்பக்காரர் வெளியே வந்து மெகாபோனை எடுத்துவிட்டார்.

"பெரியவரு நம்ம வெளம்பரத்துக்கோசரம் ஒளிஞ்சிக்கினு இருந்தாரு! இவர மாரி ஒளியறதுக்கு ஊர்ல ஆளே இல்ல. துரைசானி தோத்துப்போச்சி. அவராதான் வெளிய வராரு!"

எல்லோரும் கைதட்டினார்கள். நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தார்.

துரைசானி கொஞ்சம் மெதுவு என்று சொன்னதற்காக டீக்கடைக்காரரோடு பேச்சையே நிறுத்திய மனிதர் மோப்பக்காரர். அன்று அந்த வாயாலேயே அது தோற்றுவிட்டதாக ஊருக்கு அறிவித்துவிட்டு, அதன் காதைத் தடவிக்கொண்டே முன்னால் நடந்தார். இன்று நினைத்தாலும் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.