புனிதர் ஃப்ளோரியனும் என் மூக்கும்

எங்கள் வீட்டுத் தேன் அலமாரியின் ஆட்சியைக் கவிழ்ப்பது என்று போன வருடம் ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் முடிவு செய்தேன். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. சாவியை இடுப்பில் செருகியிருக்கும் என் மனைவி நேஜாவிடம் சொல்லவே இல்லை.

எல்லாம் டாக்டரால் வந்தது. "சிரில், இனிப்பைக் கொஞ்சம் குறைங்க" என்றார். நேஜா அதை வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று சட்டமாக்கிவிட்டாள். தேனீ வளர்ப்பவள் அவள். தேனைப் பற்றிப் படித்தவன் நான். வாதாடிப் பார்த்தேன்.

"எகிப்துல கல்லறைக்குள்ளேயே தேன் வெச்சாங்க, தெரியுமா?"

"செத்தவங்களுக்கு சுகர் டெஸ்ட் கிடையாது. சூப்பைக் குடிங்க."

"இருமலுக்குத் தேன். காயத்துக்குத் தேன். அந்தக் காலத்துல அதான் மருந்து."

"உங்களுக்கு இருமலும் இல்ல, காயமும் இல்ல. வாய் மட்டும்தான் இருக்கு."

"பாலாடைக்கட்டி மேல ரெண்டு சொட்டு..."

"தேன் ரொட்டிக்கு வெச்சிருக்கேன். ரோமாபுரி ராஜாவே வந்து கேட்டாலும் கிடையாது!"

வாதத்தில் நான்தான் வென்றேன். தேன்தான் வரவில்லை. ஆகவே ஞாயிறு காலை, அவள் மாதா கோயிலுக்குப் போனதும், நேராகக் கூட்டிலிருந்தே எடுப்பது என்று திட்டம்.

எங்கள் ஸ்லொவேனியாவில் தேனீக் கூடுகளை மேஜை இழுப்பறைகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றின் முகப்பிலும் படம் வரைந்த பலகை மாட்டுவோம். படத்தைப் பார்த்துத்தான் தேனீ தன் வீட்டை அடையாளம் காண்கிறது என்பதை நேஜாவுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். எரியும் வீட்டின் மேல் தண்ணீர் ஊற்றும் புனிதர் ஃப்ளோரியன் படமுள்ள கூட்டுத் தேனீக்கள் பசு மாதிரி சாது. வேட்டைக்காரனின் பிணத்தைக் கரடிகள் தூக்கிப்போகும் படம் மாட்டிய கூடு வேறு ரகம். அதை நேஜாவே முகத்தில் வலை இல்லாமல் திறக்கமாட்டாள்.

சனிக்கிழமை இரவு கேட்டாள்: "நாளைக்குக் கோயிலுக்கு வரலையா?"

"முட்டி வலி."

"ஐயோ பாவம்!"

முப்பது வருடத்தில் அவள் என்னைப் பாவம் என்று சொன்னதே இல்லை. அதை நான் ஆராய்ந்திருக்க வேண்டும்.

காலையில் ஃப்ளோரியனை வணங்கினேன். மேலிருந்து இரண்டாவது வரிசை, இடது ஓரம். கூடுகளுக்குக் கதவு பின்பக்கம்தான்; அங்கே போனேன். வலை எதற்கு, பசுவுக்கு? கதவைத் திறந்தேன்.

அடுத்து நடந்ததை வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு யெர்னேய் ரசித்தான். "என்ன வாத்தியாரே, முட்டி வலின்னாங்க? இந்தக் குதி குதிக்கிறீங்க!"

நேஜா திரும்பி வந்தபோது என் மூக்கு எனக்கு முன்னால் போய் அவளை வரவேற்றது. அவள் இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். அலமாரியைத் திறந்து, என் முகம் முழுக்கத் தாராளமாகத் தேனைத் தடவினாள்.

"காயத்துக்குத் தேன். நீங்க சொன்னதுதான்."

"ஃப்ளோரியன் கூடு சாதுவாச்சே!" என்று வீங்கிய உதட்டால் முனகினேன்.

"சாதுதான். நேத்து சாயங்காலம் அவர் பலகையையும் கரடிப் பலகையையும் மாத்தி மாட்டினேன்."

"அடிப்பாவி! தேனீக்கெல்லாம் வீடு குழம்பிப் போகாதா?"

"அதுங்க நேரா அதுங்க வீட்டுக்குத்தான் போச்சு. படம் பாத்து வீடு தேடுறது நீங்க ஒருத்தர்தான்."

உதட்டோரத்தை நக்கிப் பார்த்தேன். லிண்டன் பூத் தேன். அருமை. வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி என்ற சட்டம் உடைந்தது! வெற்றி எனக்கே என்று அன்று முழுவதும் மார்தட்டினேன்.

இந்த வசந்தத்தில் ஃப்ளோரியனுக்குப் பக்கத்தில் நேஜா புதுப் பலகை ஒன்று வரைந்து மாட்டியிருக்கிறாள். பூசணிக்காய் மூக்கோடு தலைதெறிக்க ஓடும் ஒரு வாத்தியார். முப்பத்தைந்து வருடம் வரலாறு நடத்திய நான், இப்போதுதான் அதில் இடம்பிடித்திருக்கிறேன்.