ஆழ்கடல் அஞ்சாநெஞ்சர் பன்னிருவர்

அரும்பொம்மையர் என்று ஓர் இனம் உண்டு. பார்ப்பதற்கு நம்மைப் போலவேதான் இருப்பார்கள். வேலைக்குப் போவார்கள், புல் வெட்டுவார்கள், வரி கட்டுவார்கள். ஆனால் சனிக்கிழமை விடிந்துவிட்டால், ஐம்பது வயது உடம்பைத் தூக்கிக்கொண்டு, கண்காட்சி மைதானத்துக் கொட்டகையில் கடை கடையாகக் குனிந்து, மூன்றே முக்கால் அங்குல பிளாஸ்டிக் மனிதர்களின் முழங்காலை மடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'உருவம்' என்று சொல்ல வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த உருவங்களை அரும்பொம்மையர் திரும்பியும் பார்க்கமாட்டார். எட்டே மாதம் கடையில் இருந்து, ஒருவரும் வாங்காமல், கம்பெனியே திவாலாகிப் போயிருக்க வேண்டும். அதுதான் உயர்ந்த சரக்கு. "இதை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டே" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். தப்பித்தவறி "எங்ககிட்டயும் இருந்துச்சே" என்று சொல்லிவிட்டீர்களோ, போச்சு. முகம் சுண்டிவிடும். உலகத்தில் தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றில் நீங்கள் பங்கு கேட்கிறீர்கள் அல்லவா?

இந்த இனத்தின் அசல் மாதிரி என் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் நாங்கள் வீடு வாங்கிய நாள் முதல் ரஸ்ஸல் ஹூபர்தான் எனக்கு அண்டை வீட்டுக்காரர். வேலை, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பது. வாழ்க்கை, வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மெண்ட் அறையில். அங்கே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவும் பகலும் ஓடுகிறது. அவர் மனைவி டார்லீனுக்கு மூட்டுவலி வந்தால்கூட அவ்வளவு கவனிப்பு கிடையாது. கண்ணாடி அலமாரியில் வீற்றிருப்பவர்கள் 1984-இல் வெளிவந்த 'ஆழ்கடல் அஞ்சாநெஞ்சர்' பன்னிரண்டு பேர். மின்விலாங்கு வீரன் மட்டும் ரஸ்ஸல் ஏழு வயதில் தன் கையால் கடையில் எடுத்தது. மற்றவர்கள் பிற்காலத்தில் ஊர் ஊராக அலைந்து சேர்த்தவர்கள்.

இவர்களின் உயிர் ஆயுதத்தில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் நகக்கண் அளவில் ஓர் ஈட்டியோ, கோடரியோ, வலையோ உண்டு. அது இல்லாவிட்டால் அந்த உருவம் 'முழுசு' இல்லை. "ஆயுதத்தோடயா?" என்பதுதான் இவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கும் நலம் விசாரிப்பு. போலிகளும் உலவுவதால் அதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஆயுதத்தைத் தண்ணீரில் போடுவார்கள். மிதந்தால் அசல். மூழ்கினால் போலி. நண்டுத் தளபதியின் கோடரிக்காக ரஸ்ஸல் பத்தொன்பது வருடம் தேடினார். சென்ற மாதம், எதை எடுத்தாலும் ஐம்பது காசு என்று வைத்திருந்த பெட்டி ஒன்றில், உடைந்த பொத்தான்களுக்கு நடுவில் அது கிடைத்தது. ஆசையை முகத்தில் காட்டினால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார் என்று, வேண்டாத பொத்தான் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தார் மனிதர்.

பன்னிருவரும் முழுசாகிவிட்டார்கள். அரும்பொம்மையர் சங்கத்துக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், பன்னிரண்டு ஆயுதங்களும் ஒன்றாக மிதக்கும் படம். கேமரா பிடிக்க என்னைக் கூப்பிட்டார். "டார்லீன், உன் கண்ணாடிப் பாத்திரத்துல தண்ணி கொண்டா" என்று கீழேயிருந்து குரல் வந்தபோது, டார்லீன் என் சட்டையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்தாள்.

"அந்த விலாங்குக்காரன் ஈட்டி போலிப்பா" என்றாள், குரலே எழும்பாமல். "பதினாறு வருஷத்துக்கு முன்னாடி கார்ப்பெட் கூட்டுறப்ப மிஷின் இழுத்துக்கிச்சு. ரஸ் சின்ன வயசுல வாங்கினதுன்னு அது ஒண்ணுதான். அழுவான்னு தெரியும். படம் பார்த்து ஒருத்தர்கிட்ட செய்யச் சொல்லி, சத்தமில்லாம கையில மாட்டிட்டேன். இன்னைக்கு நான் செத்தேன்."

ரஸ்ஸல் அதை ஒருநாளும் தண்ணீரில் போட்டதில்லை. பெற்ற பிள்ளைக்கு யாராவது ரத்தப் பரிசோதனை செய்வார்களா?

பாத்திரத்தில் தண்ணீர் கீழே வந்தது. ஒவ்வொன்றாக விட்டார். கோடரி மிதந்தது. வலை மிதந்தது. பதினொன்றும் மிதந்தன. கடைசியாகத் தன் செல்ல ஈட்டியை முத்தம் கொடுக்காத குறையாக எடுத்து விட்டார். அது நேரே அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ரஸ்ஸல் விரலால் அதைக் கிளறினார். அசையவில்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உண்மையிலேயே பாவமாக இருந்தது.

டார்லீன் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ரஸ்ஸல் பூதக்கண்ணாடியை எடுத்து ஈட்டியை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"இண்டியானால ஒரு பெரியவர். பல்செட் கட்டுறவரு. பல்லுக்கு ஊத்துற சாமான்லயே வார்த்துக் குடுத்தாரு."

"எத்தனை செஞ்சாரு?"

"ஒண்ணுதான். அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு, ரஸ்."

"ஒண்ணே ஒண்ணா?" ரஸ்ஸலின் முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. "அசலு நாட்டுல நாப்பது அம்பது இருக்கும். பல்லுல செஞ்ச ஈட்டி உலகத்துக்கே இது ஒண்ணுதானா? ஏன்டி இதை முன்னாடியே சொல்லல?"

டார்லீன் அவரையே பார்த்தாள். பதினாறு வருடப் பயம், ஒரு நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. "நீ எல்லாம் ஒரு மனுஷனாடா" என்றாள்.

அவர் காதில் அது ஏறினால்தானே? "அது வந்த கவர் வச்சிருக்கியா? அவரு கையெழுத்துல அட்ரஸ் எழுதினது? அத்தாட்சி வேணுமே!"

"அன்னைக்கே குப்பையில போட்டேன்."

அப்போதுதான் ரஸ்ஸல் ஹூபர் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். டார்லீன் மேலே அடுப்படிக்குப் போய், ஆப்பிள் பை பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி, அதைத் தானே தின்றாள்.

சிரிக்கிறீர்கள். நமக்கு ஏது பொம்மை என்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் வீட்டிலும் பிறர் தொடக்கூடாத ஒன்று இருக்கும். ஒரு பேனா, ஒரு டம்ளர், பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பை, ஏதோ ஒன்று. "அது பத்திரமா இருக்கில்ல?" என்று காபி குடிக்கும்போது வீட்டாரிடம் சும்மா கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன் எதிரில் இருப்பவர் ஒரு வாய் காபி கூடுதலாகக் குடித்தால், மேற்கொண்டு ஒன்றும் கேட்காதீர்கள்.